பலகையும் பிள்ளையும் ஒரே கொப்பியில்

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதன் விட்டத்தில் ஒரு பழைய தொங்கு தராசு மாட்டியிருக்கிறோம். ஒரு காலத்தில் மலையில் தேயிலைக் கொழுந்து நிறுத்த தராசு அது. தோட்டத்தில் கழித்துப் போட்டதை எங்கள் தம்பி கேட்டு வாங்கி, கம்பிச் சுருளைச் சுத்தம் பண்ணி, அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுச் சரிபார்த்துக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மரவேலைக்கு நாங்கள் கூடியதும் முதல் வேலை, காய்வதற்கு அடுக்கிய மரத்தில் ஒரு பலகையை அதில் தொங்கவிட்டு எடையைக் கொப்பியில் எழுதுவது.

கொப்பியில் மூன்று கட்டம். முதலாவது திகதி, இரண்டாவது பலகையின் எடை. மூன்றாவதை மழை, பனி என்று குறிப்பு எழுத விட்டிருந்தோம். பெப்ரவரியில் தம்பிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அடுத்த ஞாயிறு வந்தவன் அந்தக் கட்டத்தில் ‘2 கிலோ 900’ என்று எழுதிவிட்டு, கண் கலங்கி நின்றான். அன்றிலிருந்து அது பிள்ளையின் கட்டம்.

நாங்கள் நாலு பேர். தம்பி, அண்ணன் என்பதெல்லாம் கூப்பிடும் முறைதான். பாஸ் (கைவேலைக்காரரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) தோட்டத் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) கதவு, தொழிற்சாலை ஜன்னல், கோயில் வாகனம் என்று அவர் கை படாத மரவேலை அந்த டிவிஷனில் கிடையாது. தம்பி தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அண்ணன் ஹட்டன் பக்கம் பஸ் ஓட்டுகிறார். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன், அதனால் இவர்களுக்கு ‘சேர்’ (சார்). இப்போது எங்களில் யாருக்கும் மரவேலை பிழைப்பு இல்லை, ஆசைக்குச் செய்கிறோம்.

நாலு பேரும் சேர்ந்தது 2022இல். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் பிளக் மாட்டினால் ஓடும் சாமான்கள்: வட்ட வாள், டிரில், சாண்டர். எல்லாம் மேசையில் சும்மா கிடந்தன. டீசல் இல்லாமல் அண்ணனின் பஸ்ஸும் நின்றது. அவர் பொழுது போகாமல் என் கொட்டில் வாசலில் வந்து உட்காருவார். ஒரு நாள் அந்த வழியாகப் போன பாஸ் எட்டிப் பார்த்து, “கரண்டு இல்லாட்டி என்ன சேர், கை இருக்குதுதானே?” என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் சீமெந்துப் பையில் சுற்றிய இழைப்புளியோடு வந்தார்.

முதல் மூன்று வாரம் அவர் எங்களை மரத்தையே தொடவிடவில்லை. உளி தீட்டுவது மட்டும்தான். கூர் வந்துவிட்டதா என்று பார்க்க நான் முழங்கை மயிரை வழித்துப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி, ஒரு பைனஸ் (பைன்) மரத் துண்டை எடுத்து, அதன் வெட்டு முகத்தில் உளியால் மெல்லச் சீவிக் காட்டினார். மெத்தென்ற மரத்தின் முனை நொறுங்காமல், கண்ணாடி மாதிரி மினுங்கியது. “இப்பிடி வரணும். மாவா உதிர்ந்தா இன்னும் கல்லுக்குப் போ” என்றார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேறு எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நல்ல தீட்டுக்கல்லை வாங்குங்கள். மழுங்கின உளியை மூச்சைப் பிடித்துத் தள்ளும்போதுதான் கை வழுக்கி வெட்டுப்படுகிறது.

சரி, இந்தப் பலகையை எடை போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது? என் மகளுக்குச் செய்த மேசையில் இருந்து.

மகள் கல்யாணமாகி கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டடி அகலத்தில் ஒரு மேசை செய்தேன். நாலு பலகையை விளிம்போடு விளிம்பு ஒட்டி, அடியில் குறுக்குச் சட்டம் வைத்து, இரண்டு பக்கமும் இறுக்கி ஸ்க்ரூ அடித்தேன். மரம் காய்ந்தது என்று விற்றவர் சொன்னார். நானும் தட்டிப் பார்த்து நம்பினேன். ஜூலை மாதம், மழையும் மூடுபனியுமாக இருந்த நேரத்தில் வேலை முடிந்தது. லொறியில் ஏற்றி அனுப்பினோம். அவர்கள் அதை ஏசி அறையில் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து மகள் போன் எடுத்து, “அப்பா, நடுராத்திரியில டமார்னு ஒரு சத்தம், எழும்பிப் பார்த்தா மேசை வெடிச்சிருக்கு” என்றாள். படம் அனுப்பினாள். நடுவில், ஒட்டின இடத்தில் கூட இல்லை, நல்ல மரத்திலேயே இரண்டு நூல் அகலத்துக்கு வெடிப்பு. கால் அங்குலம்! அவள் மனம் நோகாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதைக் கொட்டிலில் சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. பாஸ் கேட்டது ஒரே கேள்வி: “அந்த மரத்துல மிச்சத் துண்டு இருக்குதா சேர்?” இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன், 412 கிராம். மனைவியின் கேக் ஓவனில் 105 பாகையில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் 340 கிராம். போன தண்ணீர் 72 கிராம். அதைக் காய்ந்த எடையான 340ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 21 சதவீதம். அந்த மேசை வீட்டை விட்டுப் போகும்போது காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது. ஏசி அறையின் காற்றில் அது பத்துச் சதவீதத்தை நோக்கி இறங்கும்போது பலகை அகலத்தில் சுருங்கப் பார்த்தது. நான் அடித்த ஸ்க்ரூ இரண்டு பக்கமும் விடாமல் பிடித்துக்கொண்டது. சுருங்க வழி இல்லாமல் வெடித்துவிட்டது.

இருபத்தைந்து வருடமாகச் சதவீதம் படிப்பிக்கிறேன். எனக்கு முன்னால் கிடந்த மரத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது அன்றுதான்.

மேசையை வேனில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்து, வெடித்த இடத்தில் நேராக அறுத்து, முகத்தை இழைத்து மறுபடி ஒட்டினேன். இந்த முறை சட்டத்தில் நடு ஓட்டை மட்டும் வட்டம். மற்ற ஓட்டைகளை அகலவாக்கில் நீளமாகக் குடைந்து, வாஷர் போட்டு, ஸ்க்ரூவை அளவாக முடுக்கினேன். பலகை நடுவில் நிற்கும், ஓரங்கள் இரண்டு பக்கமும் வந்து போகும்.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சானின் தோட்டத்தில் ஒரு சவுக்கு மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து, வெட்ட வேண்டி வந்தது. மலையகத்தில் சவுக்கு என்று சொல்வது கிரவிலியாவை. தேயிலைக்கு நிழலுக்காக நட்ட மரம். கடற்கரையில் நிற்கும் சவுக்கு வேறு. எங்கள் பக்கம் இதை விறகு மரம் என்றுதான் நினைக்கிறார்கள். நடுத்தண்டிலிருந்து ஆரம் ஆரமாக வரும்படி அறுத்துப் பாருங்கள், பலகை முகத்தில் பட்டுத் துணி மாதிரி வெள்ளிப் பூப் பூவாக மினுங்கும். எவ்வளவு பார்த்தாலும் எனக்கு அலுக்காது. (மரம் உங்களுடையதே என்றாலும் வெட்டவும் ஏற்றவும் என்ன அனுமதி வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். பலா என்றால் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் கோடரி வைக்க முடியாது. 1951ஆம் ஆண்டிலிருந்து சட்டம் அப்படி.)

மர ஆலையில் ஒன்றேகால் அங்குலமாக அறுத்து வாங்கினோம். அடுக்கும்போது பாஸ் பக்கத்திலேயே நின்றார். தரையில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல் வைத்து, மேலே சட்டம். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரு அங்குலக் குச்சிகள், ஒன்றரை அடிக்கு ஒன்று. மேல் வரிசைக் குச்சி கீழ் வரிசைக் குச்சிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தம்பி ஒரு வரிசையில் நாலு விரல் தள்ளி வைத்துவிட்டான். பாஸ் முழு அடுக்கையும் இறக்கவைத்தார். குச்சி தள்ளிப் போனால் மேலே இருக்கும் பாரம் பலகையை வளைக்கும், வளைந்தபடியே காய்ந்துவிடும். பலகைகளின் இரண்டு முனையிலும் வீட்டில் மிஞ்சிக் கிடந்த பெயின்டை இரண்டு தடவை பூசினோம். முனை வழியாகத் தண்ணீர் சீக்கிரம் ஓடும். முனை முந்திக் காய்ந்தால் அங்கிருந்துதான் வெடிக்கத் தொடங்கும். மேலே கூரைக்கு மட்டும் தகரம், நாலு பக்கமும் திறப்பு. முன்னொரு முறை நான் பிளாஸ்டிக் தாளால் சுற்றி மூடி, மாதக் கடைசியில் திறந்தபோது பலகை முழுக்கக் கருநீலப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

அடுக்கின் நடுவிலிருந்து ஒரு ஆறடிப் பலகையைத் தெரிந்தெடுத்து அடையாளம் போட்டோம். முதல் எடை 13 கிலோ 100. அந்த வாரம்தான் தம்பியின் பிள்ளை பிறந்தது.

மார்ச்சில் நல்ல வெயில். பலகை வாராவாரம் இறங்கியது. பிள்ளையைக் கிளினிக்கில் மாதம் ஒரு தடவை நிறுப்பார்கள். தம்பி அந்த எடையைக் கையில் எழுதிக்கொண்டு வந்து கொப்பியில் ஏற்றுவான். ஏப்ரலில் பிள்ளை 4 கிலோ 800, பலகை 11 கிலோ 200. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கியதும் பலகை நின்றுவிட்டது. மூன்று ஞாயிறு ஒரே எடை, நாலாவது ஞாயிறு நூறு கிராம் கூடியது. அடுக்கின் மேற்குப் பக்கம் சாரல் அடித்திருக்கிறது. ஒரு சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டோம், காற்று போகட்டும், சாரல் நிற்கட்டும் என்று. அதே மாதம் பிள்ளைக்கும் சளிக் காய்ச்சல், எடை கூடவில்லை. தம்பி அந்த ஞாயிறு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ் அவன் உளியை எடுத்துத் தீட்டிக்கொண்டே, தன் மூத்த மகனுக்கு ஆறு மாதத்தில் இதே மாதிரி வந்ததையும், பிள்ளைக் காம்பிரா (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) ஆயா இரவெல்லாம் கூட இருந்ததையும் சொன்னார். அடுத்த மாதம் கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது தாதி, நிறுத்தபோது பிள்ளை 700 கிராம் கூடியிருந்தாள். அன்றைக்குத் தேநீரோடு கேக்கும் இருந்தது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சவுக்குத் தூள் சிலருடைய தோலுக்கு ஆகாது. எனக்கு முழங்கை வரை சிவந்து தடித்து, பத்து நாள் அரித்தது. முழுக்கைச் சட்டை, முகமூடி, வேலை முடிந்ததும் குளியல் இதெல்லாம் இப்போது எங்கள் கட்டாயம். தம்பியின் மனைவி ஒரு படி மேலே போய், வேலை உடுப்போடு வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவன் கொட்டிலுக்குப் பின்னால் பீலித் தண்ணீரில் குளித்து, மாற்று உடுப்பு போட்டுக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்கப் போவான். அவள் செய்தது நூறு வீதம் சரி.

மழை மாதங்களில் ஆயுதங்களும் பாடுபடும். இரவில் தகரக் கூரையின் அடியில் முத்து முத்தாக வேர்த்து, விடியும்போது சொட்டும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் இழைப்புளியின் அடியில் துரு. ஒரு பழைய அலுமாரிக்குள் சிறிய குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டு, சாமான்களை அதற்குள் வைக்கிறோம், பல்பில் எதுவும் முட்டாமல். உள்ளே இளஞ்சூடு இருப்பதால் இரும்பில் ஈரம் படியாது. வைப்பதற்கு முன் தையல் மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. அலுமாரி வந்த பிறகு துரு என்ற பேச்சே குறைந்துவிட்டது.

அண்ணனின் கதை வேறு மாதிரி. அவருக்கு லயத்தில்தான் வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா (அறை). மகள் சாதாரண தர (ஓ.எல்.) பரீட்சைக்குப் படிக்கிறாள், கட்டிலில் கொப்பியை வைத்துக் குனிந்து எழுதுகிறாள். சுவரோடு மடக்கி வைக்கிற மேசை ஒன்று போடலாம் என்று நாலு பேரும் சேர்ந்து படம் வரைந்தோம். இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 28 அங்குல உயரம். பலகையும் பிணைச்சலும் தயார். போய் சுவரில் டிரில் வைத்தால் உள்ளே பழைய கல்லும் மண்ணும், காரை பொலபொலவென்று கொட்டுகிறது. ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளக் நிற்கவே இல்லை. அன்று திரும்பி வந்துவிட்டோம். அந்தப் பிள்ளை வாசலில் நின்று பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

வழி சொன்னது தம்பி. சுவரை நம்பாமல், தரையில் ஊன்றி நிற்கும் ஒரு சட்டத்தைச் சுவரோடு சாய்த்து நிறுத்துவோம். பாரமெல்லாம் சட்டத்தின் கால் வழியாகத் தரைக்குப் போகட்டும். சுவரில் ஒரு சின்னப் பிடிப்பு, சட்டம் முன்னால் விழாமல் இருக்க மட்டும். அடுத்த சனிக்கிழமை அப்படியே செய்தோம். மடக்கினால் நாலு அங்குலம்தான் வெளியே நிற்கும். சட்டத்தின் இடைவெளியில் புத்தகத் தட்டு இரண்டும் வந்தது, முதல் படத்தில் இல்லாத வசதி. பழைய லயத்தில் இருப்பவர்கள் சுவரில் எதையும் தொங்கவிட முன் ஒரு ஆணி அடித்துப் பாருங்கள்.

பாஸுக்கு வருட நடுவில் கண் மங்கத் தொடங்கியது. பென்சில் கோடு தெரியவில்லை என்று சொல்லாமல், விரல் நகத்தால் தடவித் தடவி வேலை செய்தார். ஒரு ஞாயிறு வாளை எடுத்து, கோட்டைத் தேடி, திரும்ப வைத்துவிட்டார். அண்ணன்தான் பேசி, கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கண்ணில் படலம், ஒப்பரேஷன் முடிந்து ஒரு மாதம் தூசிப் பக்கம் வரவிடவில்லை. வந்த அன்று அடுக்கின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, “இந்தப் பூவெல்லாம் இருந்திச்சா சேர்? நான் கையால தடவிக்கிட்டே இருந்திருக்கேன்” என்றார்.

டிசம்பரில் பலகை 8 கிலோ 600இல் வந்து நின்றது. நாலு ஞாயிறு அசையவில்லை. இந்தக் காற்றுக்கு இவ்வளவுதான் காயும் என்று அர்த்தம். இருந்தாலும் ஒரு துண்டை, முனையில் அல்ல, நடுவில் அறுத்து ஓவனில் வைத்துப் பார்த்தேன். 305 கிராம் 263 ஆனது, 16 சதவீதம். எங்கள் ஊரில் இருக்கப் போகும் சாமானுக்கு இது போதும். அந்த மாதம் கிளினிக் அட்டையில் பிள்ளை 8 கிலோ 400. தம்பி இரண்டு எண்ணையும் சுற்றி ஒரே வட்டம் போட்டான்.

அந்தப் பலகையில் என்ன செய்வது என்று யாரும் கேட்கவே இல்லை. பிள்ளை கட்டில் காலைப் பிடித்து எழும்பி நிற்கத் தொடங்கியிருந்தாள். நடைவண்டிதான்.

சக்கரத்தில் ஒரு பாடம் படித்தோம். புதுக்கன்று நடுவதற்காகப் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலை மரத்தின் அடிக்கட்டையை வட்டம் வட்டமாக அறுத்தால் சக்கரமாகும் என்று தம்பி ஆசைப்பட்டான். தேயிலைக் கட்டை இரும்பு மாதிரி, இழைத்தால் அழகும் கூட. ஆனால் பத்தே நாளில் எல்லா வட்டமும் விளிம்பிலிருந்து நடு வரை ஆப்பு வடிவில் பிளந்தது. மரம் வளையத்தின் சுற்றில் சுருங்குவது, நடுவை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு வட்டமாக அறுத்தால் அந்த வித்தியாசம் பிளவாக வந்துதான் தீரும். எனவே பலகையிலிருந்தே வெட்டினோம். மெல்லிய இரண்டு அடுக்கு, ஒன்றின் ரேகைக்கு மற்றதன் ரேகை குறுக்காக வைத்து ஒட்டி, மூன்றரை அங்குல வட்டம். காலை வேளையில் கொட்டில் குளிர்ந்து கிடக்கும்போது பைண்டர் கம் (மரம் ஒட்டும் பசை) சரியாகப் பிடிக்காமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் காயும். பலகைகளையும் கம் டப்பாவையும் முதலே அடுப்படியில் வைத்து, குளிர் விட்ட பிறகு ஒட்டினோம்.

அடிச்சட்டத்தை அகலமாக வைத்தோம், பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்தாலும் கவிழாத அளவுக்கு. கைப்பிடி 16 அங்குல உயரம். அதை உருட்டி இழைத்தது பாஸ், புதுக் கண்ணோடு. சீமெந்துத் தரையில் தள்ளிப் பார்த்தால் வண்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறது. சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டிச் சக்கரத்தில் மாட்டி, அச்சுக்கு ஒரு தோல் வாஷர் இறுக்கினோம். வேகம் அடங்கியது.

பிள்ளை வாயில் வைப்பாள் என்பதால் வார்னிஷ் வேண்டாம், அரக்கைச் சுத்தமான ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசலாம் என்று முடிவு செய்தோம். அரக்குக்கு மூடுபனி ஆகாது. ஈரக் காற்றில் பூசினால் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். பொங்கலுக்கு முந்தின வாரம் மூன்று நாள் பனி விலகவே இல்லை. நாலாவது நாள் பதினொரு மணிக்கு வெயில் வந்தது. நான் பாடசாலையில் இருந்தேன். அண்ணன் போன் எடுத்து, “சேர், வெயில் வந்திருச்சு, பூசவா?” என்றார். அவருக்கு அன்று லீவு. மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. நான் வரும்போது வண்டி மதிலின் மேல் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது.

பொங்கல் கழிந்த ஞாயிறு தம்பி பிள்ளையைக் கொட்டிலுக்கே தூக்கிக்கொண்டு வந்தான். மரத்தூளைக் கூட்டி, தரையைத் துடைத்து வைத்திருந்தோம். அவள் முதலில் கைப்பிடியைக் கடித்தாள். பிறகு பிடித்தாள். பிறகு எங்கள் நாலு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தராசு தொங்குகிற இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கே பொத்தென்று உட்கார்ந்தாள்.

கொப்பியில் புதுப் பக்கம் போட்டாயிற்று. அடுக்கில் இப்போது டூனா மரம். முதல் எடை 12 கிலோ 400. மூன்றாவது கட்டத்தில் பாஸ் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: ‘பிள்ளை, ஏழு எட்டு.’

எட்டு என்றால் காலெடுத்து வைக்கும் அடியும்தான். எடையா, நடந்த அடியா என்று தம்பியின் மனைவி கேட்டனுப்பியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு கிளினிக் எடையையும் சேர்த்து எழுத வேண்டும்.